எண்பது துப்பாக்கிகளும் ஒரு தாளும்

கருங்கல் ஒருகாலத்தில் உருகி ஓடி உறைந்தாற்போல் கிடக்கும் எங்கள் மேட்டுநிலத்தில், நண்பகல் வெயில் தன் கடுமையைக் கைவிட்டுச் சாய, படிப்படியாய் மலைமேல் ஏறும் சோளக்கொல்லைகள் பொன் பூசினாற்போல் மின்ன, நான்கடுக்கும் ஐந்தடுக்குமாய் எழுந்த கல்வீடுகளின் சாளர விளிம்புகளில் தீட்டிய வெண்சுண்ணம் திகைத்து விழித்த கண்களைப்போல் பளிச்சிட, ஆடவரெல்லாம் மென்றால் கிளர்ச்சி தரும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உலகத்துச் சிக்கல் அனைத்தையும் அந்தி சாய்வதற்குள் தீர்த்துவிடும் உறுதியோடு திண்டுகளில் சாய்ந்திருக்கும் ஒரு பிற்பகற் பொழுதில், தலைநகரிலிருந்து புறப்பட்ட ஏழு ஊர்திகள் வளைபாதையில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புழுதியெழுப்பி மேலேறின. முதலிரண்டு ஊர்திகளில் ஆறு காளைகள் மிரண்டு நின்றன. நடுவில் வந்தவற்றில் நெய்ப்பூச்சு இன்னும் துடைக்கப்படாத எண்பது துப்பாக்கிகள் பெட்டிகளில் உறங்கின. கற்றறிந்தவரே, அவை போரிட வந்தவை என்று எண்ணிவிடாதீர். அவை மன்னிப்புக் கேட்க வந்தவை.

தவறிழைத்தவன் தன் படைக்கலத்தைத் தீங்குற்றவன் காலடியில் கிடத்தி, நீ உரைப்பதே தீர்ப்பு என்று பணிவது எங்கள் குடிகளின் தொன்றுதொட்ட வழக்கம். வழக்கத்தில் இழுக்கில்லை. வரப்புக்காகப் பூசலிட்ட இருவர் இரண்டு துப்பாக்கிகளை நடுவே வைத்துப் பேசுவர். தீர்ந்ததும் தத்தம் கலத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்புவர். ஆனால் வானத்தின் உயரத்திலிருந்து முகங்காணாமல் கொன்றுவிட்டு வருகின்ற அரசும் அதே வழக்கத்தைக் கையிலெடுத்து, கிடத்திய துப்பாக்கிகளைத் திருப்பி எடுத்துப்போகாமல் விட்டுச் செல்வதைக் கொடையென்று பெருமிதம் பேசுவதை என்னவென்று சொல்வது? குழந்தையைச் சுட்ட கொள்ளிக்கட்டையையே விளையாடக் கொடுத்து அழுகையை அடக்கப் பார்க்கும் தாயை எங்கேனும் கண்டதுண்டா?

கொல்லப்பட்டவன் முக்பில் என்பான். நீர்வண்டி ஓட்டியவன்; ஆழ்கிணற்றிலிருந்து நீர் நிரப்பி மலையூர்களுக்குக் கொண்டுசென்று விற்றவன்; அவ்வாறு விற்ற நீரில் தன் தங்கை நுஹாவைத் தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வைத்தவன். அவர்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் உயிர் அவள். பதினேழு நாள்களுக்குமுன், மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மேலிருந்து குடங்களோடு இறங்கி வந்த ராஜிஹின் ஆள்களுக்கு முக்பில் நீர் ஊற்றினான். தாகமென்று வந்தவனிடம் நீ எந்தக் கூட்டத்தான் என்று கேட்டபின் நீர் ஊற்றும் பழக்கம் எங்களுக்கில்லை. அவர்கள் குடங்களோடு மேலேறி மறைந்த பின்னரே வானூர்தியின் குண்டு வந்தது; வண்டியும் வண்டிக்காரனும் நீர்த்தொட்டியும் மட்டுமே அப்போது அங்கிருந்தன. மறுநாள் வானொலி, போராளிகள் மூவர் ஒழிந்தனர் என்று முழங்கிற்று. ஒருவனை மூவராக்கும் கணக்கை எந்தப் பள்ளியில் கற்றார்களோ, அறியேன்.

அந்த ராஜிஹ் யாவன்? தொலைநாட்டு மலைகளில் போரிட்டுத் திரும்பி வேலையற்றுக் கிடந்தவனைப் பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் இதே வளைபாதையில் தேடிவந்து, தெற்கத்தியரோடு மூண்ட போருக்கு நீயும் உன் தோழரும் வாருங்கள் என்று தோளணைத்து, பெட்டி பெட்டியாய்த் துப்பாக்கி தந்து, குறிபார்க்கவும் கண்ணிவெடி புதைக்கவும் கற்பித்து, வென்றபின் பட்டாளத்துச் சம்பளமும் வழங்கியது இதே அரசு. பின்பு அயல்நாட்டார் அவனைப் பிடித்துத் தந்தால் உதவுவோம் என்றதும் சம்பளத்தை நிறுத்தி, அவனுக்குக் கொடியவன் என்று பெயரிட்டதும் இதே அரசு. அன்று பெட்டிகளோடு வந்த இளம் படையாளர் ஹிஸாம். இன்று காளைகளோடும் மன்னிப்போடும் வந்த நரைத்த கர்னலும் அதே ஹிஸாம். பதவி உயர்ந்திருந்தது, வயிறும் உயர்ந்திருந்தது, வேலை மட்டும் மாறவில்லை.

நுஹா வேண்டியது ஒன்றே. அன்று காலை அவள் தாய்மாமனும் குடித்தலைவருமான ஷேக் ஜாருல்லாவின் முன் ஒரு தாளோடு நின்றாள்.

"மாமா, துப்பாக்கி வேண்டாம்னு சொல்லிடுங்க. காளையும் வேண்டாம். இந்தத் தாள் போதும்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா எழுதியிருக்க? கண்ணாடிய மேல வெச்சுட்டு வந்துட்டேன்."

"கண்ணாடி போட்டாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது மாமா."

ஷேக் தோள்குலுங்கச் சிரித்தார். "அதுவும் சரிதான். நீயே வாசி."

"நீர்வண்டி ஓட்டின முக்பில் எந்தக் கூட்டத்தையும் சேந்தவன் இல்ல. அவன் பேர் பட்டியல்ல தப்பா ஏறிடுச்சு. அத ஏத்தினது யாருன்னு விசாரிப்போம். மூணே வரி. கீழ ஹிஸாம் கையெழுத்துப் போடணும்."

"இவ்வளவுதானா? நீ அவன் தலையக் கேப்பியோன்னு பயந்துட்டு இருந்தேன். மொதல்ல இதத்தான் வைப்பேன், போ."

"சத்தியமா?"

"என் மீசைய வெச்சுச் சொல்றேன்."

அரசின் ஏட்டில் போராளி என்று ஏறிய பெயர் இறந்தவனோடு புதைவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நாளை அவர்கள் வீட்டுக் கதவை உடைக்கலாம். அவள் எழுதவிருக்கும் வழக்கறிஞர் பதிவுத் தேர்வை மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரூற்றிச் செத்தவனை நெருப்பூற்றியவன் என்று உலகம் முடியுமட்டும் பழிக்கலாம். அவள் கேட்ட மூன்று வரியின் எடை இதுவே.

மாலையில் ஷேக்கின் மேல்மாடத்துப் பேரறையில் ஆடவர் நெருங்கி அமர, பெண்டிர் உட்படிக்கட்டின் இருளில் செவிகொடுத்து நிற்க, ஹிஸாம் எண்பது துப்பாக்கிகளையும் நடுவிரிப்பில் வரிசையாய்க் கிடத்தி, அரசின் பெயரால் தலைகுனிந்தார். குனிந்து பழகிய தலையன்று அது. இருந்தும் ஒழுங்காகவே குனிந்தது. ஷேக் ஜாருல்லா தீர்ப்பை உரைத்தார்: முக்பிலின் பெயரைத் துடைக்கும் தாள், எண்பது துப்பாக்கிகள், ஆறு காளைகள். சொன்ன சொல் தவறாமல் தாளையே முதலில் வைத்தார். படிக்கட்டில் நுஹா அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

அடுத்து வந்தது வழக்கத்தின் இரண்டாம் பகுதி. தீர்ப்பு முடிந்ததும் வந்தவர்கள் எங்கள் முகத்துக்காகக் குறைத்தருளுங்கள் என்று இரப்பர். தீங்குற்ற குடி எவ்வளவுக்கெவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதன் மேன்மை நான்கு மலைக்கப்பாலும் பேசப்படும். ஒன்றையும் விட்டுக்கொடாதவன் கஞ்சன் என்று பேரன்காலம்வரை எள்ளப்படுவான்.

"ஷேக், உங்க பெரிய மனசு ஊருக்கே தெரியும்," என்றார் ஹிஸாம். "எங்க முகத்துக்காகக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

"அரசாங்கத்து முகத்துக்காக மூணு காளைய விட்டேன்."

அவையில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது.

"கூட வந்த விருந்தாளிங்க முகத்துக்காக மிச்ச மூணையும் விட்டேன்."

முணுமுணுப்பு உயர்ந்தது. ஷேக்கின் மார்பு விரிந்தது. இன்னும் ஒன்று விட்டால் தம் தந்தையின் புகழையும் கடந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவர் விழி விரிப்பில் கிடந்த துப்பாக்கிகளின்மேல் சென்றது. அவற்றின்மேல் ஏற்கெனவே அமர்ந்திருந்த நூறு ஆடவரின் விழிகளையும் அங்கே கண்டது. பசித்த வீட்டில் பந்தியைச் சுற்றிவரும் கண்களைப்போல் இருந்தன அவை. துப்பாக்கிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் மறுநாள் தம் தலைமை இராது என்பதை அறிந்த ஷேக், மடியில் கிடந்த தாளைத் தொட்டார்.

"கர்னல் ஹிஸாம் முகத்துக்காக, இந்தத் தாளையும் விட்டேன்."

அறை அதிரக் கைகள் தட்டப்பட்டன. அந்த ஆரவாரத்தினூடே ஒரு பெண் படிக்கட்டைவிட்டு வெளிப்பட்டு ஆடவர் அவையின் நடுவே வந்து நின்றதை முதலில் எவரும் கவனிக்கவில்லை.

"மாமா, விட்டுக் குடுக்கறதுன்னா உங்களோடத விட்டுக் குடுங்க. அது என்னோடது."

அறை அடங்கிற்று. ஹிஸாம் கன்னத்து இலையை மறுபுறம் ஒதுக்கினார். "படிச்ச பொண்ணாமே நீ."

"ஆமா. சட்டம். நீங்க கொன்ன ஆளுதான் படிக்க வெச்சாரு."

"சட்டம் படிச்ச பொண்ணுக்கு வழக்கம் தெரியாமப் போச்சே. சபையில விட்டது விட்டதுதாம்மா."

"வழக்கம் தெரியும். ராஜிஹுக்கு இதே பாதையில பெட்டி தூக்கிட்டு வந்தது யாருன்னும் தெரியும். அப்ப எனக்கு மூணு வயசு. அந்தப் பெட்டிப் பலகையிலதான் எங்க வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குக் கதவு செஞ்சாங்க."

பின்வரிசையில் எவனோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

"அது அந்தக் காலம்," என்றார் ஹிஸாம், சினங்கொள்ளாமலே. "அப்ப அவன் நம்மாளு."

"இப்ப கொண்டாந்திருக்கற எண்பதும் யாருக்கு?"

"உங்களுக்கும்மா. நீங்க நம்மாளு."

"எத்தன வருஷத்துக்கு?"

ஹிஸாம் ஷேக்கைத் திரும்பிப் பார்த்தார். ஷேக் ஜாருல்லா குறுக்கிட்டார். வலித்த குரலில் கூறினார். "நுஹா, உள்ள போம்மா. விருந்தாளிங்க முன்னாடி என் மானத்த வாங்காத."

அவர் கயவர் அல்லர், கற்றறிந்தவரே. கயவராயிருந்தால் இந்தக் கதை எளிதாய் முடிந்திருக்கும், சபித்துவிட்டுப் போயிருக்கலாம். மறுநாட்காலை களத்துமேட்டில் துப்பாக்கிகளைப் பங்கிடுகையில் அவர் இம்மியும் நேர்மை பிசகவில்லை. குடி பிறர்க்கு ஈடாய்க் கொடுக்கும் பழிப்பொருளில் தன் பங்கைச் செலுத்துகின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் குடிக்கு வருவதிலும் பங்குண்டு என்பது நெறி. மலைமேலிருந்த ராஜிஹும் அவன் தோழரும் எங்கள் குடியில் பிறந்தவர். கொடியவர் என்று பெயர் பெற்ற பின்னும் தங்கள் பங்கை ஒருமுறையேனும் நிறுத்தாதவர். ஆகவே இருபத்தாறு துப்பாக்கிகள் மலைக்கென ஒதுக்கப்பட்டன.

"அவங்களுக்குமா பங்கு?" என்றாள் நுஹா. அழுது சிவந்த கண்களை அவள் மறைக்கவில்லை.

"போன வருஷம் பக்கத்துக் குடிக்கு நாம ஈடு குடுத்தப்ப, மொதல் பங்கு மலைல இருந்துதாம்மா வந்துச்சு. சுமக்கறப்ப மட்டும் நம்மாளு, பிரிக்கறப்ப இல்லையா? அது நியாயமா?"

"அண்ணன் அவங்களுக்குக் குடத்துல தண்ணி ஊத்தினாரு. அதுக்கே குண்டு போட்டாங்க. நீங்க பெட்டியோட துப்பாக்கி அனுப்பறீங்க. இதுல யாரக் கேட்டு நியாயம் பாக்கறீங்க?"

"ஒருத்தன் பங்க மறுத்தா நாளைக்கு எவன் பங்கு குடுப்பான்? குடியே உடைஞ்சுடும்மா."

அவள் தாய் தங்கள் வீட்டுக்கு வந்த துப்பாக்கியைத் தொடவும் மறுத்து, இத எங்க வெக்கறது, அவன் படுத்த கட்டில்லயா என்று கேட்டு அனுப்பிவிட, அதுவும் எஞ்சியவற்றோடு மலையேறிற்று. இருபத்தேழு. அரசு வாங்கி, அரசு ஏற்றி, அரசின் ஊர்தியிலேயே பாதிவழி வந்த இருபத்தேழு துப்பாக்கிகள், மீதி வழியைக் கழுதைமேல் கடந்து, அரசு எவனைக் கொல்லத் தேடித் தவறாய் நீர்வண்டிக்காரனைக் கொன்றதோ அவன் கைக்கே போய்ச் சேர்ந்தன. இதில் எவரும் எதையும் களவாடவில்லை. எவரும் மறைவாய் எதுவும் செய்யவில்லை. நடுப்பகலில், நாலுபேர் பார்க்க, நெறிப்படி நடந்தது. சினத்தை எவர்மேல் எறிவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருப்பவளின் கை எவ்வாறு எரியுமென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

துப்பாக்கிகள் மலையேறிய நாற்பதாம் நாள் கணவாயின் கீழிருந்த காவற்சாவடியை ராஜிஹின் ஆள்கள் தாக்கினர். பணிக்கு வந்து மூன்று திங்களும் நிறையாத, கடற்கரைச் சிற்றூர்களில் மீனுலர்த்திப் பிழைக்கும் வீடுகளிலிருந்து வந்த ஏழு இளங்காவலர் மாண்டனர். வானொலி மீண்டும் முழங்கிற்று: இனிப் பொறுப்பதற்கில்லை, வேரோடு களைவோம்.

அந்த முழக்கம் ஓய்ந்த பத்தாம் நாள் காலையில் நுஹா தன் தாளைப் புதிதாய் எழுதி எடுத்துக்கொண்டு, மாவட்டத் தலையூரில் ஹிஸாமின் பணிமனைக்குச் சென்றாள். வழக்கம் கைவிட்டதைச் சட்டமேனும் கொடாதா என்னும் நசை. மாடிக்குச் செல்லும் படிக்கட்டு முழுதும் கீழ்ப்பள்ளத்தாக்குக் குடியின் இளைஞர்கள் நெருக்கியடித்து நின்றனர். புத்தாடையும் புதுச்செருப்பும் திருவிழாச் சிரிப்புமாய் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தனர். ராஜிஹை ஒழிக்க அரசோடு சேர்ந்தவர்கள் என்று வாயிற்காவலன் சொன்னான். மேலே பெட்டிகள் திறக்கப்படும் ஓசை கேட்டது. முதலில் இவர்கள், மனுவோடு வந்தவர்கள் பிறகு.

படியின் ஓரத்தில் வெயிலில் கறுத்து வற்றிய ஒரு தாய் அமர்ந்திருந்தாள். கடற்கரைப் பெண்; தலையில் ஓலைத்தொப்பி; மர்ஜானா என்று பெயர். அவள் நுஹாவின் கையிலிருந்த எழுதுகோலைக் கண்டு, கிழிந்த தாளொன்றை நீட்டினாள்.

"படிக்கத் தெரியுமா கண்ணு? இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லேன். மூணு பேருகிட்டக் கேட்டேன். மூணு பேரும் 'உன் மகன் சொர்க்கத்துக்குப் போயிட்டான்'னு மட்டும் சொல்றானுங்க. அது தாளப் பாக்காமயே எனக்குத் தெரியும்."

நுஹா வாசித்தாள். கணவாய்ச் சாவடிக் காவலர் அய்யாஷ், அடையாளந் தெரியாதோர் சுட்டதில் வீரமரணம்.

"அடையாளம் தெரியாதவங்கன்னா யாரு?"

தெரியாது என்று சொல்லிவிட்டு நுஹா நகர்ந்து போயிருக்கலாம். எண்பது துப்பாக்கிகளை அவள் கேட்கவில்லை. அவளுக்கு அதில் பங்கில்லை. சுட்ட கை எவருடையது என்று அவள் அறியாததால் அது பொய்யும் அன்று. ஆயினும் அந்தக் கிழிந்த தாளையும் தன் தாளையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு பொய்க்கு அருகிலுள்ள எதையும் சொல்ல அவளால் இயலவில்லை.

"எங்க அண்ணன குண்டு போட்டுக் கொன்னாங்கம்மா. தப்பு நடந்துபோச்சுன்னு எங்க ஊருக்குத் துப்பாக்கி குடுத்தாங்க. எங்க ஊரு அதப் பங்கு போட்டுச்சு. அந்தத் துப்பாக்கிதான் உங்க புள்ளையச் சுட்டுச்சு."

மர்ஜானா அடிப்பாள் என்று நுஹா எதிர்பார்த்தாள். ஒருவேளை விரும்பவும் செய்தாள்.

"உங்க அண்ணன் பேரு என்ன?"

"முக்பில்."

"எழுது. ரெண்டு பேரையும் ஒரே தாள்ல எழுது. இப்ப சொன்னியே, அத அப்படியே எழுது."

நுஹா படியிலேயே அமர்ந்து எழுதினாள். பெட்டி எங்கிருந்து வந்தது, எவர் கொண்டுவந்தார், எவ்வழியே போயிற்று, எங்கே வெடித்தது என்று ஒளிக்காமல் எழுதினாள். பட்டியலைத் திருத்துங்கள் என்று இறுதியில் அவள் கேட்டாள். அடையாளந் தெரியாதோர் என்பதை அடியுங்கள் என்று மர்ஜானா கேட்கச் சொன்னாள். நண்பகலில் எழுத்தர் வெளியே வந்து, வாங்கி, நின்றபடியே வாசித்து, நெற்றியைத் தேய்த்தார்.

"இது ஆகாதும்மா. ரெண்டு தாளா எழுதிட்டு வாங்க."

"ஏன்?" என்றாள் நுஹா.

"இந்தக் காவலன் நம்ம கணக்கு. அவன் அவங்க கணக்கு. ரெண்டும் வேற வேற கோப்பு. ஒரே தாள்ல வந்தா நான் எந்தக் கோப்புல வெப்பேன்?"

"தப்பு நடந்ததுன்னு கர்னலே வந்து தலை குனிஞ்சாரே. அப்புறமும் எங்க அண்ணன் அவங்க கணக்கா?"

"தலை குனிஞ்சது வாய்மொழி. பட்டியல் எழுத்துல இருக்கு. அத மாத்தற தாள உங்க ஷேக்கே சபையில விட்டுக் குடுத்துட்டாராமே." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், இந்தப் பெட்டி சமாச்சாரத்த எடுத்துருங்க. மேல இன்னிக்கு அதே வேலைதான் நடக்குது. நல்ல நாள்ல போய்."

"எடுத்துட்டா எம் புள்ளையத் திருப்பித் தருவீங்களா?" என்றாள் மர்ஜானா.

"என்னம்மா பேச்சு இது."

"தர மாட்டீங்கல்ல. அப்ப அந்த வரி அங்கயே இருக்கட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

எழுத்தர் தாளை நுஹாவின் மடியில் வைத்துவிட்டு மேலே சென்றார். சற்றுப்பொழுதில் முதற்பெட்டியை நால்வர் தூக்கிக்கொண்டு இறங்கினர். படி குறுகலானது, இரு பெண்களும் நடுவே அமர்ந்திருந்தனர். முன்னால் பிடித்திருந்த இளைஞன், மீசை அரும்பும் முகத்தில் வியர்வையும் நாணமும் ஒருங்கே படர, "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கம்மா, கனமா இருக்கு" என்றான். தன் தாயிடம் பேசுவதுபோலவே பேசினான்.

மர்ஜானா அவனை அண்ணாந்து பார்த்தாள். "எந்த ஊருப்பா நீ?" என்று மட்டும் கேட்டாள், அவன் சொன்ன ஊரின் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், ஒதுங்கவில்லை. நுஹாவும் ஒதுங்கவில்லை. இறுதியில் அந்த நால்வரும் பெட்டியைத் தலைமட்டத்துக்கு உயர்த்தி, இரு பெண்களின் தலைக்குமேலாய், எவர்மேலும் படாதவாறு மிகுந்த பணிவோடு கடத்திக்கொண்டு போயினர். பின்னால் வந்தவர்களும் அவ்வாறே செய்தனர்.

தன் கையால் தோண்டிய குழியில் விழுந்து காலொடிந்தவன், எழுந்து நின்றதும் அடுத்த தெருவில் தோண்ட ஆள் அழைப்பதைக் கண்டால் பித்தன் என்போம். அதையே கொடியேற்றிச் செய்தால் அரசு என்று வணங்குகிறோம். அன்று படிக்கட்டில் கடந்த பெட்டிகளை எவரும் எண்ணவில்லை. மாலை சாய்ந்து பணிமனைக் கதவு அடைபடும்வரை அவ்விருவரும் அங்கேயே இருந்தனர். முக்பில் என்றும் அய்யாஷ் என்றும் அடுத்தடுத்து எழுதிய இரு பெயர்கள், உலகில் வேறெந்த ஏட்டிலும் சேர்ந்திருக்க இடமின்றி, ஏற்பாரில்லாத ஒரு தாளில் மட்டும் சேர்ந்திருந்தன.